கேட்டாண்ட நின்ற சிறுமி

தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறேன். இன்று அதைச் செஞ்சிக்கு எடுத்துப்போய், அனந்தபுரம் பக்கத்துத் தலைமையாசிரியை ஒருவரிடம் விளையாடக் கொடுத்தேன்.

சண்டைக்கு வந்த பெற்றோர், லீவு சொல்லாமல் நின்றுவிட்ட வாத்தியார், திடீர் ஆய்வு என்று எல்லாவற்றையும் அசராமல் சமாளித்தார். கேமில் மாலை மணி அடித்தது. 'பள்ளியை மூடு' என்பதை அழுத்தினால் ஜெயித்துவிடுவார்.

அவர் அழுத்தவில்லை.

"டீச்சர், நேரம் போகுது. மார்க் குறைஞ்சிடும்."

"இரும்மா. கேட்டாண்ட ஒரு புள்ள நிக்குது பாரு."

பார்த்தேன். பள்ளிக்குப் பின்னால் ராஜகிரி மலையை வரைந்தபோது, கேட் பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று நான் சேர்த்த சிறுமி. ரெட்டைச் சடை, முதுகில் பை.

"அது சும்மா படம் டீச்சர். அங்கேயேதான் நிக்கும்."

"தெரியுது. ஆனா கூட்டிட்டுப் போக யாரும் வரலியே. நான் எப்படிப் பூட்டிட்டுக் கிளம்புறது?"

நேரம் தீர்ந்தது. 'நேர மேலாண்மை: தோல்வி' என்று திரை சிவந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"இன்னும் நிக்குது பாரு," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து முதலில் அந்தத் தோல்வியை அழித்தேன். இப்போது மொபெட்டில் வரும் ஓர் அப்பாவை வரைந்துகொண்டிருக்கிறேன்.

பஸ் குலுக்கிய குலுக்கலில் அவருக்கு மீசை கோணலாகிவிட்டது.

பரவாயில்லை, பிள்ளைக்கு அடையாளம் தெரியும்தானே?