ஸ்டிக்கர் ஒட்டிய கேமராவில் விழுந்த படம்

பேய், முனி, காத்து, கருப்பு எதையும் நம்புகிறவன் இல்லை நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் பாதியில் சிரிப்பார்கள், நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான், மெக்கானிக்கல் டிப்ளமோ, ஒரு மெஷின் நின்றால் எதனால் நின்றது என்று காரணம் தேடிப் பழகிய புத்தி. அந்தப் புத்தியை வைத்துக்கொண்டுதான் இதையும் இத்தனை நாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. வீடு மண்ணூர் பக்கம். எனக்கு இருந்த ஒரே பைத்தியம் போட்டோ. கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்தே எடுப்பேன், மழையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள், கிரேன் மேல் உட்கார்ந்திருக்கும் பருந்து, இப்படி. அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் போனில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். ரயில், காடு, நகரம் என்று நாடு முழுக்கச் சுற்றிப் படம் எடுக்கிற ஒரு பயணக் குழுவுக்கு உதவிப் புகைப்படக்காரர் ஒருவர் வேண்டும், உங்கள் ஊரை இதுவரை யாரும் பார்க்காத மாதிரி ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், போனில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்று. படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இவ்வளவு பெரிய நாட்டில் நான் பார்த்தது பஸ் ஜன்னல் அளவுதான்.

என்ன படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஓர் ஏரி. அதன் கிழக்குக் கரையில் புதுக் கார்களை ஏற்றுமதிக்கு வரிசையாக நிறுத்திவைக்கும் பெரிய மைதானம். அந்த வாரம்தான் ஏரியில் தொங்கும் பை அலகோடு கூழைக்கடாக்கள் வந்து இறங்கியிருந்தன. கார்களும் வெள்ளை, பறவைகளும் வெள்ளை, நடுவில் சூரியன் எழும்பினால் எப்படி இருக்கும். கண்ணுக்குள்ளேயே அந்தப் படம் இருந்தது, எடுக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை, தினமும் ஓ.டி. படம் அனுப்பக் கடைசி நாளன்று நைட் ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு, என்னோடு லைனில் நிற்கும் மாரிசெல்வத்தின் பைக்கில் ஏறி நேராக ஏரிக்கு ஓடினேன். அவன் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான்.

"ஏல, ஷிப்டு முடிஞ்ச கையோட எவனாச்சும் கொக்கு பாக்கப் போவானால?" என்றான்.

"கொக்கு இல்லடா, கூழைக்கடா."

"எந்தக் கடாவா இருந்தா எனக்கென்ன. நீ எடு, நான் வண்டி மேலயே சாயுதேன். முடிஞ்சா எழுப்பு."

சொன்னபடியே ஏரிக்கரை ரோட்டில் பைக்கை நிறுத்தி, டேங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

கரையிறங்கிச் சேற்றில் மண்டியிட்டேன். வானம் சிவந்துகொண்டிருந்தது. மற்ற பறவைகள் தள்ளி நீந்திக்கொண்டிருந்தன, ஒன்று மட்டும் எனக்கு நேராகத் தண்ணீருக்குள் நின்ற பட்டமரத்து அடிக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தால் பறக்க வேண்டும் அல்லவா, பறக்கவில்லை. கழுத்தைத் திருப்பி நேருக்கு நேர் பார்த்தது. அதன் பின்னால் கார் வரிசை, அதற்கு மேல் சூரியனின் முதல் கீற்று.  போனைத் தூக்கி, படம் எடுக்கும் ஓரத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாகத்தான் இருந்தது, சார்ஜ் நிற்கட்டும் என்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தேன், வெயிலும் கண்ணில் அடித்தது, அதனால்தான் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தால் பறவையை விட்டுவிடுவேனோ என்ற பயம் வேறு. கடைசியாக ஒரு முறை அழுத்தியபோது அது மெல்ல ஒரு முறை கண்ணை மூடித் திறந்தது. பிறகு எழும்பி, கூட்டத்தையும் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

மாரிசெல்வத்தை எழுப்பி டீக்கடைக்குப் போனோம். படங்களைத் திறந்தேன். முதல் படம் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. தள்ளத் தள்ளக் கறுப்பு. கடைசிப் படத்துக்கு வந்ததும் கையிலிருந்த டீ கால் மேல் கொட்டியது.

அதில் நான் இருந்தேன். கரையில் மண்டியிட்டு, கம்பெனிச் சட்டையோடு, வாய் பாதி திறந்து, முகத்தில் முழு வெயிலோடு, இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். எனக்கு முன்னால் தண்ணீர். பின்னால் ரோட்டில் பைக், பைக் மேல் மாரிசெல்வம். தண்ணீருக்குள் நின்று யாரோ என்னை எடுத்த படம். படத்தின் கீழ் ஓரத்தில் மங்கலாக, மஞ்சளாக, நீளமாக ஏதோ குறுக்கே வந்திருந்தது. விரலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"நீதான எடுத்த?" என்றேன்.

அவன் போனை வாங்கிப் பார்த்தான். "நான் எப்படில எடுப்பேன், நான்தான் இதுக்குள்ள தூங்குதேன்லா. எச்சி வடியுததுகூடத் தெரியுது பாரு."

அப்போதுதான் போனைத் திருப்பினேன். கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர்.

எங்கள் பக்கத்துக் கம்பெனி ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதால் கேட்டிலேயே செக்யூரிட்டி போனின் முன் கேமரா, பின் கேமரா இரண்டிலும் வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். பிய்த்தால் அதில் வெள்ளை எழுத்து வந்துவிடும், மறுபடி ஒட்டினாலும் போகாது. வெளியே வந்து நாங்களே பிய்த்துக்கொள்வோம். அன்றைக்கு அவசரத்தில் மறந்திருக்கிறேன். இரண்டு ஸ்டிக்கரிலும் ஒரு கீறல்கூட இல்லை. மாரிசெல்வம் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, போனை மேஜை மேல் வைத்தான். வைத்த கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

திரும்ப ஏரிக்கு ஓடினோம். தண்ணீர்தான் இருந்தது. ஒரு பறவை இல்லை.

"அதையே அனுப்புல," என்றான். "எவன் எடுத்தான்னு படத்துலயா எழுதியிருக்கு?"

எனக்கு வேறு வழியும் இல்லை. அந்த ஏரியை அப்படி யாரும் பார்த்ததில்லை என்பது மட்டும் சத்தியம். அனுப்பினேன்.

மத்தியானம் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது போன் அடித்தது. குழுவின் தலைவி, சென்னைக்காரர். படம் பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னதும் படுக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த கேள்வியில் உட்கார்ந்துவிட்டேன்.

"படத்துல இருக்கிறது நீங்கதானே? அப்ப எடுத்தது யாரு தம்பி?"

நண்பன் எடுத்தான், டைமர் வைத்தேன், எதையாவது சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஆனால் என்னை நேருக்கு நேர் பார்த்த அந்தக் கண் ஞாபகத்துக்கு வந்தது, நம்பினால் நம்புங்கள், அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் எடுக்கல மேடம். யாரு எடுத்தாங்கன்னு தெரியல. ஆனா என் போன்லதான் விழுந்துது," என்று ஸ்டிக்கர் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "வேலைக்காகப் பொய் சொல்றவங்க இன்னும் கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லுவாங்க தம்பி." பிறகு, "இருங்க, பெருசு பண்ணிப் பார்க்கிறேன்," என்றார். கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. 

"தம்பி," என்றபோது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. "உங்க கையில இருக்கிற போன்ல சிவப்பா வட்டம் தெரியுது."

"அதுதான் மேடம் ஸ்டிக்கர்."

"கீழே மஞ்சளா நீளமா இருக்கே, அது என்னன்னு பார்த்தீங்களா?"

"விரலு மேடம்."

"விரல் இல்ல. ஓரத்துல வரிசையா நீலப் புள்ளி இருக்கு. நான் இந்தப் பறவைய நிறைய எடுத்திருக்கேன். அது கூழைக்கடாவோட அலகு."

சத்தியமாக எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை, குதிக்க வேண்டும் போல இருந்தது. அவர் அந்தப் படத்தை ஏற்கவில்லை, நீங்கள் எடுக்காத படத்தை உங்கள் பெயரில் போட முடியாது என்றார். "ஆனா அடுத்த பயணத்துக்கு நீங்க வாங்க, கேமரா நான் தரேன். யாரு எடுத்ததுன்னு தெரியலன்னு சொல்ற ஆளை இந்தத் தொழில்ல நான் பார்த்ததில்ல," என்றார்.

போனேன். அதற்குப் பிறகு மலை ரயில் பார்த்தேன், யானைக் கூட்டம் பார்த்தேன், பெயர் தெரியாத நகரங்களின் விளக்குகளை மொட்டை மாடிகளில் நின்று எடுத்தேன். இப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், நான் கூப்பிட்டால் எடுப்பதற்காக. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, பச்சைப் பொத்தானை மட்டும் தெரியும்.

"இன்னாடா இது, பொட்டு வெச்சா மாரி ஒட்டிகினு கீது. பிச்சிப் போட்டுடவா?" என்று கேட்டார்.

"வேணாம்மா, அது அப்படியே இருக்கட்டும்."

முதல் பயணம் முடிந்து வந்து, சும்மா அந்தப் போனைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு படம் இருந்தது. அதே கரை, அதே கோணம், கீழே அதே மஞ்சள். நான் மண்டியிட்ட இடம் காலியாக இருந்தது. ஸ்டிக்கர் இரண்டும் அப்படியே.

போன மாதம் வந்தபோது இன்னொன்று இருந்தது. இது ஏரி இல்லை. எங்கள் தெரு, உயரத்திலிருந்து. காலை வெளிச்சம், கீழே அதே மஞ்சள். வாசலில் அம்மா பாதிக் கோலத்தில் கையை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ரொம்பத் தெரிந்தவர்களைப் பார்த்தால்தான் அம்மா அப்படிச் சிரிப்பார்.

படத்தைக் காட்டாமல்தான் கேட்டேன். "கோலம் போடறப்போ மேல யாரைப் பாத்தும்மா சிரிச்சே?"

 "யாரும் இல்லியேடா. நீதான் வந்துட்டியோன்னு பாத்தேன்."