செட்டுக்கு வைத்த சந்தனம்

கடையில் எல்லா வாக்கி டாக்கியும் நன்றாகத்தான் பேசும். மலைக்கு வந்த பிறகுதான் அதற்கு வாயடைத்துப் போகும். அரூருக்கு மேலே மலைச்சாலையை அகலப்படுத்தும் ஒரு கான்ட்ராக்டரிடம் நான் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். சிமென்ட் மூட்டை குறைந்தால் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். வாக்கி டாக்கி அப்படியில்லை. அந்த செட்டைத் தேர்ந்தெடுத்தது நான் என்பதால், அது ஒரு நிமிஷம் பேசாவிட்டாலும் பழி என் தலையில்தான். "நீங்களே பார்த்து நல்லதா வாங்கிடுங்க" என்று ஆபீஸில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் என் நிலைமை புரியும்.

விஷயம் இதுதான். சாலையில் பாதியைத் தோண்டிப் போட்டிருக்கிறோம். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். கீழே ஒருவர், மேலே ஒருவர் கொடியோடு நிற்பார்கள். நடுவில் நாலு வளைவு. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியமாட்டார். செல்போனுக்கு டவர் கிடையாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வண்டியை விட்டால் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது நான் வாங்கிய செட் மட்டும்தான்.

ஐந்து கிலோமீட்டர்

தர்மபுரியில் கடை வைத்திருக்கும் பாய் மூன்று விதமான செட்டை மேஜைமேல் எடுத்து வைத்தார். மூன்றின் டப்பாவிலும் ஐந்து கிலோமீட்டர் தூரம் கேட்கும் என்று போட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மலைக்கே வந்து பேசிக் காட்டினால்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தேன். பாவம் மனுஷர், மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து வந்துவிட்டார்.

அவர் கீழே நின்று "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இருக்க, நான் ஒவ்வொரு வளைவாக ஏறினேன். முதல் செட் இரண்டாவது வளைவிலேயே கரகரத்து ஊமையாகிவிட்டது. அடுத்தது மூன்றாவது வளைவு வரை தாக்குப்பிடித்தது. கடைசி செட்டில்தான் மேலே உச்சி வரைக்கும் பாய் இருமுவதுகூடக் கேட்டது. இறங்கி வந்து, டப்பாவில் இருந்த ஐந்தைக் காட்டிச் சண்டை போட்டேன். பாய் அசரவில்லை. "மேடம், டப்பாவுல போட்டிருக்கறது மலை இல்லாத ஊருக்குங்க."

இடுப்பில் அமுங்கிய பட்டன்

பேச வேண்டுமானால் செட்டின் பக்கவாட்டுப் பட்டனை அமுக்க வேண்டும். ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும் வரை வேறு யாரும் பேச முடியாது. ரோலர் ஓட்டும் அன்பு, செட்டை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். பட்டன் அமுங்கிவிட்டது. கால் மணி நேரம் அவர் குரல்தான் மலை முழுக்க ஓடியது. கீழேயும் வண்டி நிற்கிறது, மேலேயும் வண்டி நிற்கிறது. ஹாரன் சத்தம், ஸ்டோராக வைத்திருக்கும் என் கன்டெய்னர் வரைக்கும் வந்தது.

அன்பு பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது இது: "அந்த ஸ்டோர் மேடம் இருக்குதே, எறும்பு தும்முனாக்கூட ரிஜிஸ்டர்ல எழுதும்." அதைக் கேட்டுக்கொண்டே மேட்டில் ஓடினேன். மூச்சிரைக்கப் போய் நின்று அவர் இடுப்பைக் காட்டினேன். ஆள் பெல்ட்டைத் தடவிக்கொண்டே ரோலரிலிருந்து இறங்கினார். அன்றைக்கே எல்லாச் செட்டுக்கும் பட்டனை மறைக்கிற கெட்டியான உறை வாங்கிப் போட்டேன். அதை அவரிடம் கொடுத்தபோது தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "பேசுனது தப்புதாங்க மேடம். ஆனா பொய் சொல்லலீங்களே."

பேர் சொல்லாத மேல்முனை

கொடி பிடிக்கிறவர்கள் கம்பைநல்லூர் பக்கத்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி. கீழே மாதையன், மேலே கோவிந்தம்மா. முதல் நாள் கோவிந்தம்மா செட்டில் "என்னாங்க, வண்டிய வுடட்டுமா?" என்று கேட்டார். ஜேசிபி டிரைவர் தன்னைத்தான் கேட்கிறார் என்று "வுடும்மா" என்றார். கோவிந்தம்மாவும் விட்டுவிட்டார். நல்லவேளை, எதிரே வந்தது ஒரு சைக்கிள்தான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி ஒட்டினேன். யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவர் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும், அவரே தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால் வண்டியை விடக்கூடாது. கோவிந்தம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடிக்கம்பைப் பார்த்தார். "ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன்" என்று கெஞ்சினேன். அரை மணி நேரம் போராடியும் நடக்கவில்லை. கடைசியில் மகள் பெயரை வைத்து "செல்வி அப்பா" என்று கூப்பிடுவதாக உடன்பாடு. ஒரு வாரத்தில் இன்ஜினியர் உட்பட எல்லோருக்கும் அவர் செல்வி அப்பா ஆகிவிட்டார். பெயர் என்ன பெரிய விஷயமா என்று நான் ஒருநாள் கோவிந்தம்மாவைக் கேட்டேன். "அவரு பேரு என் வாயில வந்தா, அன்னிக்கி ஏதோ ஆவப்போவுதுன்னு அர்த்தம் மேடம்."

பூஜை போட்ட கை

ஆயுத பூஜைக்கு ரோலர், டிப்பர், மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவி வரிசையில் வைத்தோம். செட்டுகள் என் பொறுப்பு. மலையில் எல்லாருடைய உயிரும் இதில்தானே இருக்கிறது என்று, மற்ற சாமான்களுக்கு வைத்ததைவிடத் தாராளமாகவே சந்தனம் குழைத்து, ஒவ்வொன்றின் முகத்திலும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். என் செட்டையும் விடவில்லை. பார்த்த அன்பு சொன்னார்: "சாமிக்கே இவ்ளோ வெக்க மாட்டாங்க மேடம்."

மலை இறங்க வந்த பஸ்

விடுமுறை முடிந்து எல்லோரும் தாமதமாக வந்தார்கள். அவசரத்தில் செட்டுகளில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தனுப்பினேன். பேசிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

என் கன்டெய்னர் இரண்டாவது வளைவில் இருக்கிறது. ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று, கீழே கொடிக்கு நிற்காமலே வந்ததாம், என்னைத் தாண்டி மேலே போனது. உடனே செட்டில் கோவிந்தம்மா: "செல்வி அப்பா, பஸ்ஸு வந்து நிக்குது. வுடட்டுமா?" காலை பஸ். அரூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் வருவார்கள். பதிலுக்கு "ம்ம்... ம்ம்ம்" என்று யாரோ வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற சத்தம். நான் என் செட்டை எடுத்து "விடாதீங்க, டிப்பர் வருது!" என்று கத்தினேன். "யாருங்க அது? ஒண்ணும் புரியலீங்க" என்றார் அவர். கையிலிருந்த செட்டைத் திருப்பிப் பார்த்தேன். பேசுகிற ஓட்டைமேல் நான் வைத்த சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது.

புடவைப் பின்னைப் பிடுங்கிச் சுரண்ட ஆரம்பித்தேன். சுரண்டிய வேகத்தில் பின் கீழே விழுந்தது. செட்டில் பஸ்ஸின் ஹாரன், கண்டக்டரின் "வுடும்மா, நேரமாவுது" எல்லாம் கேட்கிறது. கோவிந்தம்மா மறுபடி "செல்வி அப்பா" என்றார். மறுபடியும் அதே "ம்ம்ம்". அப்புறம் கோவிந்தம்மாவின் குரல் உடைந்து வந்தது: "மாதையா! மாதையா! மாதையா!" பிறகு இன்னும் உரக்க: "பதிலு வரல. நான் வுட மாட்டேன். ஏத்தறதுன்னா என்மேல ஏத்திக்கிட்டுப் போங்க." கொஞ்ச நேரத்தில் டிப்பர் மேலே போய்ச் சேர்ந்த சத்தம் செட்டில் கேட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மேலே ஏறிப் போனபோது பஸ் இறங்கிவிட்டிருந்தது. கோவிந்தம்மா கொடியை மடியில் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். உங்கள் செட் மட்டும் எப்படிப் பேசியது என்று கேட்டேன். "சாமி சந்தனத்தக் காய வுடலாமுங்களா? அன்னிக்கே வழிச்சு நெத்தியில வெச்சுக்கிட்டேன்" என்றார். அதற்குள் மாதையன் நாலு வளைவையும் ஓடியே ஏறி வந்துவிட்டார். அவர் செட்டில் மற்றவர் பேசுவது நன்றாகவே கேட்டிருக்கிறது. அவர் பேசியதுதான் போய்ச் சேரவில்லை. மனைவி பக்கத்தில் போகாமல், செட்டை என்னிடம் நீட்டினார். "இருவது வருசத்துல மொத தடவ பேரச் சொல்லிக் கூப்புட்டா மேடம். நானும் இங்கதான் இருக்கறேன், இங்கதான் இருக்கறேன்னு கத்தறேன், அவளுக்குக் கேக்கவேயில்ல."

இப்போதெல்லாம் தினமும் காலையில் ஒவ்வொரு செட்டிலும் பேசிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறேன், சந்தனம் வைப்பதென்றால் அதன் முதுகுக்கு மட்டும்தான்.