கறுப்புப் போர்வை

பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய்ப் புகை மணம் எழும்பியது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்கு அருகே, இன்று வெங்காயத் தோட்டமாகிவிட்ட எங்கள் அகதி முகாமை அந்தப் போர்வை இன்னும் விடவில்லை. கறுப்புத் துணிக்குள் ஊதாவும் நீலமுமாய்ச் சிறு சதுரங்கள் தைத்திருந்த அதை அந்த வெக்கையில் யார் போர்த்துவது? அம்மா அதை எங்களுக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே சுவராகக் கட்டினார். அவர்களுடைய இருமலும் குழம்பு வாசமும் அதனூடாக வந்துகொண்டே இருக்கும், விளக்கை ஏற்றினால் ஊசி போன தடமெல்லாம் தெரியும்.

"அமெரிக்காவிலை ஆமிஷ் எண்டொரு சனம் தைச்சது. அவையளின்ரை வீட்டிலை கரண்ட் இல்லை," என்றார் நிவாரணம் கொடுக்க வந்தவர்.

"ஐயோ, அவையளும் முகாமிலையோ?" என்றார் அம்மா. அன்று தொடங்கி, விளக்கு வைக்கும்போதெல்லாம் அவர்களும் வீடு திரும்பவேண்டுமென்று கும்பிட்டார்.

வளர்ந்த பிறகுதான் படித்தேன்: பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்கள் போர்வையின் நடுவே ஒரு பெரிய சதுரம் வைப்பார்களாம், ஒஹாயோவில்தான் கறுப்புக்குள் இப்படிச் சிறு துண்டுகள். மின்சாரத்தைத் தாங்களாகவே வேண்டாமென்று விட்டவர்கள். தலைமுறைகளாகச் சொந்த நிலத்தை உழுகிறவர்கள்.

எங்கள் கடற்கரை ஊர் இன்னும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள். வாடகை வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த அம்மா போர்வையைத் தடவினார்.

"இந்தச் சனம் திரும்பி வீட்டுக்குப் போயிட்டினமோ, பிள்ளை?"

"ஓம் அம்மா, எப்பவோ போயிட்டினம்."

"அப்ப நாங்கள்தான் மிச்சம்."