மஞ்சள் துணி கட்டிய தூண்

பண்டமாரானிலிருந்து கிள்ளான் ரயில் நிலையத்துக்குத் தினமும் சைக்கிளில் போகிறேன் என்று சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஐம்பத்திரண்டு வயது, இனிப்பு நீர் வியாதி வேறு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டர் வேலை. காலை ரயிலைப் பிடிக்க ஆறே காலுக்கே மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் இங்கே விடிந்திருக்காது. அதனால் லோரிகள் பறக்கும் பெரிய ரோட்டை ஒட்டி சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டபோது நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

மூன்றே மாதம். பிறகு பாதையின் தொடக்கத்தில் மூன்று இரும்புத் தூண்களை நட்டுவிட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் உள்ளே வரக் கூடாதாம், நம் பாதுகாப்புக்காம். மோட்டார்காரர்கள் என்ன முட்டாள்களா? பக்கத்துப் புல்லில் இறங்கி, தூண்களைச் சுற்றிக்கொண்டு, மறுபடி பாதையில் ஏறிப் போனார்கள். மாட்டிக்கொண்டது நாங்கள்தான். பாதை தொடங்குவதே மேம்பாலத்துக்கு அடியில்; இறக்கத்தில் வந்து வளைந்த உடனே, சரியாக நடுவில் ஒரு தூண். சிமெண்டுத் தரையில் சிமெண்டு நிறத்தில் தூண். ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கர் இரண்டு மழைக்குள் உரிந்து போயிற்று. இந்தப் பாதையை வரைந்த மனிதர் ஆபீஸில் ஏர்கோன் காற்றில் உட்கார்ந்து வரைந்திருப்பார். ஒரே ஒருநாள் அந்த வளைவில் சைக்கிள் ஓட்டியிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

முதலில் விழுந்தவர்களில் நானும் ஒருத்தி. முட்டி கிழிந்து, வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அதே நொண்டலோடு, பாதை போட்ட நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "அக்கா, மெதுவா போங்க லா, அது உங்க சேஃப்டிக்குத்தானே வெச்சிருக்கு" என்றாள். என் பாதுகாப்பே என்னைக் கீழே தள்ளுகிறது என்று நான் சொன்னதை எழுதிக்கொள்ள அங்கே எந்தப் புகார்ப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் ஆட்களால் மட்டுமே முடிகிற காரியம். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஓர் ஆன்டி அந்தத் தூணில் மோதி விழுந்து, சிராய்ப்போடு தப்பித்தார். முனியாண்டிதான் தன்னைக் காப்பாற்றினார் என்று மறுநாளே வந்து தூணுக்கு மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் ஊதுபத்திக் கிண்ணமும் சுருட்டும் வந்துவிட்டன. நான் தலையில் அடித்துக்கொண்டேன். உதைத்த தூணையே கும்பிடும் ஜனத்துக்கு எவன் நல்ல ரோடு போடுவான் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கத்தினேன்.

அந்தப் பாதையில் எனக்குத் தெரிந்த இன்னொருவர் இருந்தார். ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தில் ரொட்டி சானாய் போடுபவர். தினமும் என்னை முந்திக்கொண்டு போகும்போது மணி அடிப்பார். ரயில் வரும்வரை நான் அவர் கடையில் சீனி இல்லாத தேநீர் குடிப்பேன். மாவை அவர் வீசுவதைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. அந்த இரண்டு கைகளை நம்பித்தான் ஊரில் ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள் என்று அவரே ஒருமுறை சொன்னார்.

தூணைப் பற்றி நான் அவரிடமும் பொரிந்து தள்ளினேன். அவர் மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நான் முஸ்லிம்க்கா, எனக்கு அது சாமி இல்ல. ஆனா மஞ்சத் துணி லைட்டுல பளிச்சுன்னு தெரியுதுக்கா. அது வந்த பொறவு ஒருத்தர் விழுந்தாங்களா, சொல்லுங்க?"

யாரும் விழவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எத்தனையோ இஞ்சினியர்கள் செய்யாததை ஓர் ஆன்டியும் ஒரு முழம் துணியும் செய்துவிட்டார்கள் என்றால் அது யாருக்கு அவமானம்? இதை இப்படியே விடக் கூடாது என்று நினைத்தேன். தூணைக் கைப்பேசியில் படம் பிடித்து, புகார் ஆப்பில் ஏற்றினேன். தூணை எடுங்கள், முடியாவிட்டால் பெயின்ட் அடித்து விளக்குப் போடுங்கள் என்று மலாயில் தெளிவாக எழுதினேன்.

முட்டி கிழிந்தபோது அசையாத அலுவலகம் இதற்கு ஒன்பதே நாளில் அசைந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வீடு திரும்பும் ரயிலில் பதில் வந்தது. அனுமதி இல்லாத வழிபாட்டுப் பொருள்கள் அகற்றப்பட்டன, புகார் முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் மழை கொட்டுகிறது. நனைந்துகொண்டே மேம்பாலத்துக்கு வந்தேன். துணி இல்லை, பழம் இல்லை, கிண்ணம் இல்லை. குங்குமத்தைக்கூடச் சுத்தமாகக் கழுவியிருந்தார்கள். தூண் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எச்சரிக்கலாம் என்றால் ரொட்டிக்காரரின் நம்பர் என்னிடம் இல்லை. ஏதாவது கட்டிவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நனைந்திருந்தேன், களைத்திருந்தேன். காலையில் சீக்கிரம் வந்து கட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் பழைய மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கே கிளம்பினேன். அன்றைக்கு ரொட்டிக்காரர் எனக்கும் முன்னால் கிளம்பியிருக்கிறார். சைக்கிள் புல்லில் கிடந்தது. தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

"மஞ்சளப் பாத்துதான்க்கா பிரேக்கு பிடிப்பேன். மஞ்ச தெரியல. இன்னும் தூரம் இருக்குன்னு நெனச்சு மிதிச்சுட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு அவரால் தேநீர்க் கிளாஸைத் தூக்க முடிந்தது, மாவை வீச முடியவில்லை. ரொட்டி போடத்தான் உனக்குப் பெர்மிட் எடுத்தேன், புதுப்பிப்பதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இப்போது அவர் மேசை துடைக்கிறார். ரொட்டிக் கல்லுக்குப் பின்னால் வேறு ஆள் நிற்கிறார்.

நான்தான் புகார் கொடுத்தேன், என் படத்தைப் பார்த்துத்தான் துணியை எடுத்தார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கேட்டுவிட்டு அவர் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். பிறகு, "அடுத்த தடவ போட்டோ எடுக்கறப்போ துணிய அவுத்துட்டு எடுங்கக்கா" என்றார்.

தூணில் இப்போது இருப்பது நான் கட்டிய துண்டு. குங்குமம் ஆன்டி வைத்தது, நான் அழிக்கவில்லை. போன வாரம் மறுபடி புகார் எழுதினேன். அவர் சொன்னபடி துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் தூணைப் படம் எடுத்தேன். மேம்பாலத்துக்கு மேலே மெலிதாக ஒரு சைக்கிள் மணி கேட்டது. இறக்கத்தில் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். துண்டைக் கட்ட நேரமில்லை. தூணுக்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.