வரைபடத்தில் நடந்தவன்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றுவரை ஒன்றுதான். சுழியம் என்ற சொல்லுக்கு எந்த ழ என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் இதை எழுத முடியாது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியூனாக இருக்கிறேன். மின்சார மணி பழுதானதிலிருந்து தண்டவாளத் துண்டில்தான் மணி அடிக்கிறேன். எனக்குப் பிடித்த வேலை அது. எல்லாரும் கேட்பார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். நாலு பேர் பார்க்க ஒரு காரியம் செய்யச் சொன்னால் எனக்குக் கை கால் ஓடாது.

போன வருடம் கணக்குக்கு ஒரு மிஸ் புதிதாக வந்தார். தற்காலிக வேலை. நிர்வாகத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்து வகுப்பைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் தொடரும். அவருக்கு முன்னால் இருந்த சாருக்குத் தொடரவில்லை.

ஒருநாள் மிஸ் என்னிடம், "அண்ணே, ஆபீஸ் ரூம்ல வரைபடம் இருக்காம், எடுத்துட்டு வரீங்களா?" என்றார். எடுத்துக்கொண்டு போய்ப் பலகையில் மாட்டினேன். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் தனித்தனியாகத் தெரிந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் கேட்டது கிராஃப் வரைகிற, கட்டம் போட்ட கணக்குப் பலகையை. எனக்கு எப்படித் தெரியும்? இதற்கும் பெயர் வரைபடம், அதற்கும் பெயர் வரைபடம்.

நான் அதைக் கழற்றப் போனேன். மிஸ் வேண்டாம் என்று சொல்லி, பக்கத்திலேயே சாக்பீஸால் ஒரு கோடு வரைந்தார். மேலே ஏறி, கொஞ்சம் நேராகப் போய், கீழே இறங்கியது.

"இது ஒரு பஸ். என்ன பண்ணுது, சொல்லுங்க."

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "மேட்டுல ஏறுது மிஸ். அப்புறம் சமதரையில போவுது. அப்புறம் எறங்குது."

"பாண்டியில ஏதுப்பா மேடு?"

"அரும்பார்த்தபுரம் பாலம், மிஸ்."

வகுப்பு முழுக்க அதை ஒப்புக்கொண்டது. நானும்தான். வீட்டிலிருந்து தினமும் அந்தப் பாலம் ஏறி வருகிறவன் நான். படம் அசல் அதேபோல இருந்தது.

மிஸ் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணன் கொண்டாந்தது ஊர் படம். அதுல மேல போனா வடக்கு. இதுல மேல போனா தூரம். பக்கத்துல போனா நேரம். இதுல ரோடே கிடையாது." பிள்ளைகள் தலையாட்டினார்கள். முகத்தில் பாலம் அப்படியே இருந்தது.

மறுநாள் மிஸ் என்னை நடக்கச் சொன்னார். கதவுதான் சுழியம். அங்கிருந்து பலகைவரை மெதுவாகப் போக வேண்டும், கொஞ்சம் நிற்க வேண்டும், வேகமாகத் திரும்ப வேண்டும். நான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்று பிள்ளைகள் புள்ளி வைப்பார்கள். வேறு யாரையாவது கூப்பிடலாமே என்றேன்.

"பசங்கள விட்டா குதிச்சிக்கிட்டுப் போவானுங்கண்ணே. நீங்கதான் ஒரே சீரா நடக்கிறீங்க."

நடந்தேன். என் வாழ்க்கையில் என் நடையை யாரும் பாராட்டியதில்லை.

பார்வையாளர் வந்த அன்றும் நான்தான் நடந்தேன். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். பலகைவரை சரியாகப் போய்விட்டேன். நின்றேன். திரும்பினால் அவர் முகத்துக்கு நேராக நடக்க வேண்டும். கால் வரவில்லை. மிஸ் கண்ணால் சைகை காட்டினார். அப்போதும் வரவில்லை.

"மிஸ், கோடு படுத்தே கெடக்குது" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்.

அப்போது கடிகாரத்தைப் பார்த்தேன். மணி அடிக்க வேண்டிய நேரம். கால் தானாக வந்தது. கதவைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டிப் போய் மணி அடித்தேன். அடித்த பிறகுதான், மிஸ்ஸின் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று தோன்றியது. திரும்பி வந்தேன். உள்ளே போக வெட்கமாக இருந்ததால் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பார்வையாளர் பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் இன்னொரு தாளைக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"அண்ணன் சுழியத்துக்குக் கீழ போயிட்டாரு சார். தாள்ல எடம் இல்ல."

"இப்ப எங்க இருக்காரு?"

"இன்னும் கீழதான் சார். ஜன்னலாண்ட நிக்கிறாரு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூணைப் பார்த்தேன்.

பார்வையாளர் கடைசி பெஞ்சுக்குப் போனார். பாலம் சொன்ன பையனின் தாளை எடுத்தார். "இந்தக் கோடு ஏறுதே. அப்போ அவரு மேட்டுல ஏறுனாரா?"

மிஸ் சாக்பீஸை இறுக்கிப் பிடித்திருந்தார். பையன் கதவையும் பலகையையும் பார்த்தான்.

"கிளாஸ்ல ஏது சார் மேடு? கதவுலேர்ந்து தள்ளிப் போறாரு, அவ்ளோதான்."

"இங்க ஏன் இவ்வளவு செங்குத்தா எறங்குது?"

"உங்களப் பாத்துட்டு ஓடுனாரு சார்."

பார்வையாளர் சிரிக்கவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு மிஸ்ஸிடம், "அந்தக் கீழ போற பாகத்தையும் பாடத்துல சேத்துக்குங்க, நல்லா இருக்கு" என்றார்.

மிஸ்ஸுக்கு வேலை தொடர்ந்தது. எனக்கும் தொடர்ந்தது. இந்த வருடம் இரண்டு பிரிவுக்கும் நடந்தேன். ஒவ்வொரு முறையும் வெளியே ஓடிப்போய் ஜன்னல் பக்கம் நிற்க வேண்டும். இப்போது அது பாடத்தில் இருக்கிறது.

பள்ளி ஆண்டு மலருக்கு இதைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது மிஸ், "நடந்தது நீங்க, நீங்களே எழுதுங்கண்ணே" என்றார். எழுதினால் படிப்பார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலை கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். மணி அடிக்க வேண்டியதில்லை. ஆபீஸ் ரூமில் அந்த ஊர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

நவம்பர் முதல் தேதி, புதுச்சேரி விடுதலை நாள்.