கைக்குள் மூடிய இலக்கம்

லண்டன் எட்மண்டனில் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் பெண்கள் கூடுவார்கள். கூட்டத்தை நடத்துபவர் ஜமேக்காவில் பிறந்த, ஓய்வுபெற்ற நர்ஸ். வருபவர்களில் முக்கால்வாசி கரீபியன் குடும்பத்துப் பெண்கள். இஞ்சித் தேநீர் இருக்கும். பாகல் கொடியை அவித்த கசப்புத் தண்ணீரும் இருக்கும். ஒருத்தியின் தலைக்கு இன்னொருத்தி ஆமணக்கெண்ணெய் தேய்த்துவிடுவாள். பாகலும் ஆமணக்கும் எங்கள் சாமான்கள் அல்லவா, இவர்கள் எங்கே பிடித்தார்கள் என்று முதல் நாள் நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

தேநீர் முடிந்ததும் பிரஷர் மெசின் கைமாறும். ஒவ்வொருத்தியும் தானே அளந்து, இலக்கத்தை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து "கேட்டோம்" என்பார்கள். இலக்கம் கூடியிருந்தால் அடுத்த கிழமை ஒருத்தி கூடவே குடும்ப வைத்தியரான ஜிபியிடம் போவாள். நர்ஸின் தாய் தெருவுக்கே தைரியம் சொன்னவராம். தன் பிரஷர் வருத்தத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்லாமல் சமையலறையில் விழுந்து செத்துப்போனார். அதனால் வந்த வழக்கம் இது.

எனக்கும் மறைக்க ஒன்று இருந்தது. ஒரு வருடத்துக்கு முன்பே ஜிபி பிரஷர் குளிசை எழுதியிருந்தார். மருந்துக்கடையில் நிற்பவர் எங்கள் தமிழ் ஆள். என் மகளுக்குக் கலியாணம் பேசும் நேரத்தில், தாய் வருத்தக்காரி, அது பரம்பரையில் வரும் என்று கதை கிளம்பினால் பிறகு யாரைப் பிடித்து அடக்குவது? குளிசையை எடுக்கப் போகவேயில்லை. காலையில் பிடரி வலிக்கும். சில நாட்களில் இடது கை விரல்கள் மரத்திருக்கும். அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் தமிழ் முகமே இல்லை, அங்கே சொல்லித் தொலைப்போம் என்றுதான் போனேன்.

மெசின் என் கைக்கு வரும்போது கதவு திறந்தது. உள்ளே வந்தவர் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா.

"நீரும் இஞ்சையோ?" என்றார்.

"ஓம் அக்கா. சும்மா, பொழுது போக."

மெசின் நூற்றித் தொண்ணூற்றாறு காட்டியது. திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நூற்றி இருபத்தெட்டு என்றேன்.

"கேட்டோம்" என்றது மண்டபம்.

அத்தனை பெண்களும் என் பொய்யை மரியாதையோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரியம்மா தன்னுடையதை நூற்றி இருபத்திரண்டு என்றார். அவரும் திரையைக் கையால் மூடியிருந்ததைக் கண்டேன்.

எதற்கு ஒருத்தி நல்ல இலக்கத்தை மூட வேண்டும்? எனக்குத் தெரியாததா அது. ஆனால் கேட்டால் என் கையையும் விரிக்க வேண்டி வரும். சம்பந்தம் சரிவந்தால் ஈஸ்ட் ஹாமுக்குக் கூறைச்சேலை எடுக்க எல்லோரும் சேர்ந்தே போகலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் கையிலிருந்து மெசினை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தேன்.

மூன்று மாதம் இப்படியே போனது. சனிக்கிழமை தவறாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, திரையை மூடி, பொய் சொன்னோம். வரவர அவர் முகம் ஊதிக்கொண்டு வந்தது. நர்ஸ் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, உன் கூட்டாளிக்கு என்ன, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை, நித்திரைக் குறைவு என்றேன். நர்ஸ் என் முகத்தையும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெரியம்மா இலக்கத்தைச் சொல்ல வாய் திறந்தார். நூற்றி என்றார். அதற்குமேல் சொல் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மண்டபம் பதில் சொல்லக் காத்திருந்தது. திரையை மூடியிருந்த கை நழுவி விழுந்தபோது எல்லோரும் பார்த்தோம். இருநூற்றுப் பதினொன்று.

நர்ஸ் அவரைத் தாங்கிப் படுக்க வைத்து அம்புலன்சுக்குப் போன் அடிக்கச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

நாலு நாள் கழித்து மகளையும் கூட்டிக்கொண்டு ஹொஸ்பிட்டலுக்குப் போனேன். பெரியம்மாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. பேச்சில்லை. என்னைக் கண்டதும் இடது கையை நீட்டி, என் மேற்கையில் மெசின் பட்டி கட்டும் இடத்தை விரலால் தட்டினார். மூன்று தரம் தட்டினார். நான் அவரைப் பார்த்தது போலவே அவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நூற்றித் தொண்ணூற்றாறு அக்கா," என்றேன். "நான் சொன்னதெல்லாம் பொய்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பூவை மேசையில் வைத்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள்.

"உங்களுக்கா அம்மா? எப்ப இருந்து?"

"போன மாசந்தான் பிள்ளை," என்றேன்.

கட்டிலில் கிடந்தவரின் பிடி இறுகியது. விடவேயில்லை.