மருமகள் என் எதிரே உட்கார்ந்த பத்து நாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேறாது என்று எல்லோரும் சொன்ன மோட்டார் வைண்டிங் கடையைத் தகரக் கொட்டகையில் தொடங்கினேன். இன்று அதற்கு மூன்று ஷட்டர். களக்காட்டு வாழைத்தோட்டத்தில் பம்புசெட்டு எரிந்தால் பாளையங்கோட்டைக்கு என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். தங்கைகள் இருவரைக் கட்டிக்கொடுத்தேன். மாடி வீடு கட்டினேன். மகனை என்ஜினியராக்கினேன். இவற்றையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. என் மருமகளுக்கு வேலை கிடைத்தது என்னால்தான் என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சிபாரிசைச் சொல்லவில்லை. யார் காலையும் நான் பிடிக்கவில்லை.

மருமகள் வேதியியலில் எம்.எஸ்சி. கல்யாணம், பிள்ளை என்று ஏழு வருஷம் ஓடிவிட்டது. பேத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும், குடிதண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். மூன்று இடத்தில் நேர்முகத் தேர்வு. மூன்றிலும் இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாவது முறை திரும்பி வந்த மறுநாள் அடுக்களையில் என் மனைவியிடம் சொன்னாள்.

“இன்னும் ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க அத்தை. அதுவும் இல்லைன்னா சர்டிபிகேட்டை எல்லாம் பரண்ல தூக்கிப் போட்டுருதேன்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் பாதியில் எழுந்தேன். கை கழுவிவிட்டுக் கூப்பிட்டேன்.

“அங்கன என்னதான்மா கேக்காங்க?”

நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். “தெரிஞ்சதுதான் மாமா கேக்காங்க. பதில் வாய்க்குள்ளயே நின்னுருது. நேத்து அவங்க உள்ள வந்ததும் எழுந்து நின்னுட்டேன். உக்காருங்கன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. கால் மடங்கவே இல்ல.”

“ஏன்?”

“எல்லாரும் உங்கள மாதிரி பெரியவங்க மாமா.”

எங்கள் வீட்டில் மாமனார் முன்னால் மருமகள் உட்காரும் வழக்கமில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. கடையிலும் கல்யாண வீடுகளிலும் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த விஷயம் அது. அந்தப் பெருமைதான் மூன்று இடத்திலும் இந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தியிருக்கிறது.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து என் எதிரே போட்டேன். “உக்காரு தாயி.”

“இருக்கட்டும் மாமா.”

“ஏட்டி, அவுகளே சொல்லுதாக, உக்காரேன்” என்றாள் என் மனைவி.

நெரிசல் பஸ்ஸில் மூன்றாம் ஆளாக ஒட்டிக்கொள்வதுபோல நுனியில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. வேட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன்.

பத்து நாள், பேத்தி பள்ளிக்கூடம் போனபிறகு, கடைக்குக் கிளம்புமுன் இதே வேலை. தேர்வு எடுக்கிறவர்போல எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன். நான் என்ன சொன்னாலும் முதல் இரண்டு நாள் “ஆமா மாமா” என்றாள்.

“தப்புன்னா தப்புன்னு சொல்லும்மா. ஆமா போடுதவள எவன் வேலைக்கு வைப்பான்?”

ஐந்தாம் நாள், “ஆத்துத் தண்ணி தெளிஞ்சு கெடந்தா அள்ளிக் குடிக்க வேண்டியதுதான, சோதனை எதுக்கு?” என்றேன்.

அதுவரை என் காதைப் பார்த்துப் பேசியவள் கண்ணைப் பார்த்தாள். “இல்ல மாமா, தப்பு. கிருமி கண்ணுக்குத் தெரியாது. தெளிஞ்ச தண்ணியிலயும் இருக்கும்.”

அடுக்களையிலிருந்து மனைவி, “இன்னொரு தடவை சொல்லுட்டி, காது குளிரக் கேக்கேன்” என்றாள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஏழு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டபோது மட்டும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, “பிள்ளைய வளத்தேன். இப்ப அவ பள்ளிக்கூடம் போறா, நான் வேலைக்கு வந்திருக்கேன்” என்றாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டாதே என்றேன்.

மகனுக்கு லீவு கிடைக்காததால் தேர்வுக்கு நான்தான் கூட்டிப்போனேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அரைமணி கழித்து வந்தாள்.

“ஒருத்தர் வேணும்னே தப்பாச் சொல்லிப் பாத்தாரு மாமா. அது சரியில்ல சார்னுட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“எப்போ வந்து சேர முடியும்னு கேட்டாரு.”

ஒரு வாரத்தில் ஆர்டர் வந்தது. மனைவி தன் வேண்டுதல் பலித்தது என்கிறாள். மகன் அவள் படிப்பு என்கிறான். படிப்பு அவளுடையதுதான், அதில் ஓர் எழுத்துக்கும் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் யாராவது விசாரித்தால் மருமகள், “வீட்டுல எல்லாரும் ஒத்துழைச்சாங்க” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறாள். எழுபது வயதில், பெருமையாக வைத்திருந்த வழக்கத்தை என் கையாலேயே விட்டிருக்கிறேன். அதனால் இனிமேல் அவள் “எங்க மாமாதான்” என்று சொல்லவேண்டும். கேட்கிறவர் காதில் விழும்படி சொல்லவேண்டும்.